சீனியரை விட்டுத் தனியாக ஆபீஸ் போடலாமா?

தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம்: "நான்கு வருடமாக ஒரு சிவில் சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். மாதம் 7 ஆயிரம் தருகிறார். தனியாகப் பிராக்டீஸ் ஆரம்பிக்க ஆசை. குடும்பத்தில் வேறு வக்கீல் கிடையாது. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. கேஸ் வருமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

கேஸ் வருமா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். 2007ல் கும்பகோணத்தில் தனியாக உட்கார்ந்தபோது எனக்கும் அந்தக் கவலையில்தான் தூக்கம் கெட்டது. வரும். சித்தப்பாவுக்கு வரப்புத் தகராறு, பால்காரருக்கு செக் ரிட்டர்ன், கூடப் படித்தவனின் அக்காவுக்கு ஜீவனாம்சம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். தனியாக ஆரம்பித்து இரண்டு மூன்று வருடத்தில் போர்டைக் கழற்றியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்கூட கேஸ் வராமல் போகவில்லை. வந்த கேஸுக்கு ஒரே நேரத்தில் மூன்று கோர்ட்டில் நிற்க முடியாமல் போனார்கள். வாங்கிய பணத்தில் எது ஃபீஸ், எது செலவுக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போனார்கள். அதனால் இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலை பத்தரை மணியை நினைத்துப் பாருங்கள். முன்சீப் கோர்ட்டில் உங்கள் வாதி சாட்சிக் கூண்டுக்கு வந்திருக்கிறார். மாடியில் சப் கோர்ட்டில் ஒரு ஐ.ஏ. (வழக்குக்கு நடுவில் போடும் இடைக்கால மனு) விசாரணைக்கு இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் போலீஸ் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இப்போது உங்கள் சீனியருக்கு இப்படி ஒரு நாள் வந்தால் அவருக்குப் பதில் ஓடுவது நீங்கள். நாளை உங்களுக்காக ஓடுவது யார்?

என் இரண்டாவது வருடத்தில் நான் ஜே.எம். கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் இருந்தேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்ற மிதப்பு வேறு. அதே நேரம் முன்சீப் கோர்ட்டில் என்னுடைய ஓ.எஸ். (சிவில் வழக்கு) ஒன்று அழைக்கப்பட்டது. பாஸ் ஓவர், அதாவது கொஞ்சம் கழித்து அழையுங்கள் என்று கேட்க யாரும் இல்லை. மறுபடி அழைத்தார்கள், அப்போதும் இல்லை. டிஸ்மிஸ் ஃபார் டிஃபால்ட், ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி. என் கட்சிக்காரர், கணவரை இழந்த ஓர் அம்மா, வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். "வக்கீல் எங்கேன்னு கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியலை சார்" என்றார். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 9 விதி 9ன்படி வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுக்க 30 நாள் இருக்கிறது. நான்காம் நாளே மனுப் போட்டேன், எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகையை என் பையிலிருந்து கட்டினேன், வழக்கு உயிர் பெற்றது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அண்ணன் அடுத்த வாரம் வந்து கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு போனார். சட்டப்படி சரிசெய்துவிடலாம், ஊர் வாயைச் சரிசெய்ய முடியாது. அந்தக் கிராமத்திலிருந்து எனக்கு அடுத்த கேஸ் வர நாலு வருடம் ஆனது.

இதற்கு மருந்து, போர்டு மாட்டும் முன்பே ஜோடி ஒன்றைப் பிடித்துக்கொள்வது. உங்களைப் போலவே தனியாக இருக்கிற, உங்கள் வயதொத்த, முடிந்தால் உங்களுக்கு வராத வேலையைச் செய்கிற ஒரு வக்கீல். நீங்கள் சிவில் என்றால் அவர் கிரிமினல். "இன்னிக்கு எனக்காக ரெப்ரசன்ட் பண்ணிடுங்க" என்று காலை எட்டு மணிக்கு மெசேஜ் போட்டால் மறுக்காதவர். பணம் கொடுத்து வாங்கும் உதவி இல்லை இது, கணக்குப் பார்க்காமல் திருப்பிச் செய்கிற உதவி. நானும் என் நண்பரும் பத்து வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு நாள் இரவும் மறுநாள் லிஸ்ட்டை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். தனிப் பிராக்டீஸ் என்று பேருக்குத்தான் சொல்கிறோம்.

இரண்டாவது மருந்து, சாட்சி விசாரணை உள்ள நாளில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது. வாய்தா தேதி கேட்கும்போது பெஞ்ச் கிளார்க் சொல்கிற தேதிக்குத் தலையாட்டாமல் டைரியைத் திறந்து பார்த்துவிட்டு, "அன்னிக்கு சப் கோர்ட்டில் ட்ரையல் இருக்குங்க, இரண்டு நாள் தள்ளிக் கொடுங்க" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கேட்கக் கூச்சப்பட்டு, பிறகு வராமல் போகிறவன்மேல்தான் நீதிபதிக்குக் கோபம் வரும்.

டைரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நான் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். தேதியை மூன்று இடத்தில் எழுதுங்கள்: கறுப்பு அட்டை டைரியில், போனில், கேஸ் கட்டின் மேல் அட்டையில். ஈ-கோர்ட்ஸ் செயலியில் எல்லாக் கேஸின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் (வழக்குக்கு வழக்கு கிடைக்கும் தனி எண்) ஏற்றிவைத்தால் அடுத்த தேதி அதிலேயே தெரியும். ஆனால் சில நாள் அதில் தாமதமாகத்தான் ஏறும். சரிபார்க்க அது போதும், அதை மட்டும் நம்பி டைரி எழுதாமல் இருக்கக் கூடாது.

வாய்தா தேதியைத் தவறவிட்டாலாவது மனுப் போட்டு மீளலாம். காலக்கெடுவைத் தவறவிட்டால் கட்சிக்காரரின் உரிமையே போய்விடும். அதற்குச் சிவப்பு மையில் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். செக் கேஸை எடுத்துக்கொள்வோம். பணம் இல்லை என்று வங்கியின் தாள் கட்சிக்காரர் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கிடைத்து 15 நாள் காத்திருக்க வேண்டும். அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் ஆக வேண்டும். கட்சிக்காரர் உங்களிடம் முதல் நாளே வருவதில்லை. "தரேன் தரேன்னு சொன்னான் சார்" என்று 26ஆம் நாள் வருவார். அன்று இரவே நோட்டீஸ் டைப் ஆகி, மறுநாள் காலை தபாலாபீஸில் ஸ்பீடு போஸ்டில் போயாக வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதியைக் கட்டில் எழுதி வைக்காவிட்டால் 15 நாளை எங்கிருந்து எண்ணுவீர்கள்?

எதிர்வாதிக்காக ஆஜரானால் சம்மன் கிடைத்த 30 நாளில் எதிர்வழக்குரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்), மிஞ்சிப்போனால் 90 நாள். இந்த 90 நாள் கட்டாயமல்ல, நடைமுறைக்கானதே என்று 2005ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மைதான். வணிக வழக்குகளுக்கு அந்தச் சலுகையும் இல்லை. மற்ற வழக்கிலும் அந்தத் தீர்ப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கினால் ஒருநாள் எக்ஸ்பார்ட்டி ஆகி, உங்கள் தரப்பைக் கேட்காமலே வழக்கு போன பிறகுதான் எழுவீர்கள். கிரிமினலில், குறித்த காலத்தில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கிடைக்கிற ஜாமீனுக்கு 60 அல்லது 90 நாள் கணக்கு. அதில் ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023ல் தீர்ந்துவிட்டது. சிவில் அப்பீலுக்கு, சப் கோர்ட், மாவட்டக் கோர்ட் என்றால் 30 நாள், ஹைகோர்ட் என்றால் 90 நாள். நகல் வாங்க ஆன நாட்கள் கழியும் என்பதால் தீர்ப்புச் சொன்ன அன்று மாலையே நகல் மனுப் போட்டுவிடுங்கள். கட்சிக்காரர் அப்பீல் வேண்டாம் என்று சொன்னாலும் போடுங்கள். இரண்டு மாதம் கழித்து மாமனார் சொன்னார் என்று திரும்பி வருவார்.

அடுத்து பணம். பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் நடத்தை விதிகள் ஒரு வக்கீல் கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும், வாங்கிய தொகை ஃபீஸா, செலவுக்கா என்பது அதில் தெரிய வேண்டும் என்கின்றன. இதைப் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். நடைமுறையில் இது எங்கே கடிக்கும் என்றால் கோர்ட் ஃபீஸில். நம் மாநிலத்தில் 2017ல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் 20 லட்சம் ரூபாய்க்குப் பணம் கேட்டு வழக்குப் போட்டால் 60 ஆயிரம். கட்சிக்காரர் நகையை வைத்து அந்த 60 ஆயிரத்தைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைக்கிறார். அந்த வாரம் உங்களுக்கு ஆபீஸ் வாடகை பாக்கி, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ். பிராதை (வழக்கு மனுவை) குறைந்த கோர்ட் ஃபீஸோடு தாக்கல் செய்தால் ரிட்டர்ன் ஆகும், அவகாசம் கேட்டுக்கொள்ளலாம், அதற்குள் புரட்டிவிடலாம் என்று மனசு சொல்லும். எனக்குத் தெரிந்த ஒரு நல்ல வக்கீல், வாதத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர், இப்படித்தான் ஆரம்பித்தார். பார் கவுன்சிலில் புகாருக்குப் பதில் எழுதியே இரண்டு வருடம் போனது.

ஆகவே பேங்கில் இரண்டு கணக்கு. கோர்ட் ஃபீஸ், பேட்டா (சம்மன், சாட்சிச் செலவு), கமிஷனர் ஃபீஸ், பேப்பர் விளம்பரச் செலவு என்று வாங்குவதெல்லாம் ஒன்றில். உங்கள் ஃபீஸ் மற்றதில். முதல் கணக்கின் ஏ.டி.எம். கார்டை வாங்கவே வேண்டாம்.

ஃபீஸ் எவ்வளவு கேட்பது என்பதில் புதியவர்கள் இரண்டு தப்புச் செய்கிறார்கள். ஒன்று, மொத்தமாக ஒரு தொகை சொல்லிவிடுவது. கேஸ் ஆறு வருடம் ஓடும், ஃபீஸ் முதல் ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும், அப்புறம் அந்தக் கட்டைப் பார்த்தாலே அலுப்பு வரும். இரண்டு, வாய்தாவுக்கு வாய்தா முந்நூறு, ஐந்நூறு என்று வாங்குவது. எங்கள் ஊரில் இதுதான் அதிகம். நான் இதை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஏனென்றால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் உங்களுக்குக் காசு என்றால், நீதிபதி லீவு போட்டு வாய்தா போனாலும் அதை நீங்கள் வாங்கியதாகத்தான் கட்சிக்காரர் நினைப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நான் செய்வது கட்டம் கட்டமாக வாங்குவது. நோட்டீஸுக்கு இவ்வளவு, பிராது தயாரித்து நம்பர் ஆக இவ்வளவு, ட்ரையல் ஆரம்பிக்கும்போது இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு. ஒரு தாளில் தமிழில் எழுதி, அப்பீலும் நிறைவேற்று மனுவும் இதில் சேராது என்பதையும் எழுதி, கையெழுத்து வாங்கி ஒரு பிரதி அவரிடமும் கொடுத்துவிடுகிறேன். ஊரில் சொந்தக்காரரிடம் எப்படிக் கையெழுத்துக் கேட்பது என்று தயங்குவீர்கள். சொந்தக்காரரிடம்தான் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று மட்டும் பேசிவிடாதீர்கள். விபத்து வழக்குகளில் அது ஊர் வழக்கம்போல் ஆகிவிட்டது, ஆனால் விதிப்படி தவறு. கட்டின் மேலும் கை வைக்க முடியாது: ஃபீஸ் பாக்கி என்பதற்காக வக்கீல் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்துவைக்க உரிமை இல்லை என்று 2000ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் பாக்கி வைக்காமல் வாங்குவது ஒன்றுதான் வழி. ஏற்றுக்கொண்ட கேஸைத் தகுந்த காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் விடவும் கூடாது. விட்டால், செய்யாத வேலைக்கான பங்கைத் திருப்பித் தர வேண்டும்.

சரி, எந்த வேலையை எடுப்பது? டெல்டாக்காரன் என்பதால் இப்படித்தான் சொல்ல வருகிறது. ஜாமீன் மனுக்கள் கீரைப் பாத்தி, வாரத்தில் காசு கண்ணில் படும். செக் கேஸும், சம்மதத்தோடு பிரிகிற விவாகரத்தும் நெல், போட்டால் ஒரு போகத்தில் வீடு வந்து சேரும். (சம்மத விவாகரத்தில் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017லிருந்து இருக்கிறது. இது தெரியாமல் இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.) பாகப்பிரிவினை வழக்கு தென்னை. பத்து வருடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், எதிர்வாதிகள் இறந்து வாரிசுகளைச் சேர்த்துச் சேர்த்து வழக்குத் தலைப்பே ஒரு பக்கம் ஆகிவிடும். ஆனால் ஊரில் உங்கள் பெயரை நிறுத்துவது அதுதான். சிவில் சீனியரிடம் இருந்ததால் தென்னை வைக்கத் தெரிந்திருக்கும். முதல் இரண்டு வருடம் தென்னையை மட்டும் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது.

கிரிமினல் பக்கம் போகப் பயப்பட வேண்டாம் என்று சொல்ல இப்போது ஒரு காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய கிரிமினல் சட்டங்கள் வந்துவிட்டதால் முப்பது வருட அனுபவக்காரருக்கும் மனப்பாடம் போய்விட்டது. கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318. இன்னும் வேடிக்கை, 482 என்றால் ஹைகோர்ட்டில் வழக்கை ரத்துசெய்யக் கேட்பது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன வாய்க்கு, இனி அது முன்ஜாமீன். பழைய குற்றத்துக்குப் பழைய சட்டம் என்பதால் இரண்டையும் சேர்த்துத் தெரிந்திருக்க வேண்டும். இளையவர்கள் உட்கார்ந்து படித்தால் சீனியர்களே கூப்பிட்டுக் கேட்பார்கள். எனக்கே என் ஜூனியர்தான் சொல்லித் தருகிறாள்.

வங்கி பேனலில் (வக்கீல் பட்டியலில்) இடம் கிடைத்தால், சொத்துப் பத்திரங்கள் சரியா என்று கருத்து எழுதித் தரும் லீகல் ஒப்பினியன் வேலை நிலையான வருமானம். ஆனால் ஒப்பினியனை மேஜையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். தாய்ப்பத்திரத்தின் அசலைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றைக் கட்சிக்காரர் தருவதை வாங்காமல் நீங்களே எடுக்க வேண்டும். பட்டாவும் பத்திரமும் ஒரே சர்வே எண்ணைச் சொல்கின்றனவா, உட்பிரிவு எப்போது ஆனது என்று பார்க்க வேண்டும். இறந்தவரின் வாரிசுச் சான்றில் மகள்கள் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். வெறும் தவறான ஒப்பினியனுக்காக, சதியில் பங்கு இல்லாத வக்கீல்மேல் கிரிமினல் வழக்கு நிற்காது என்று 2012ல் ஒரு தீர்ப்பு காப்பாற்றியிருக்கிறது. பேனலிலிருந்து பெயரை எடுப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்காது.

சட்டப் பணிகள் ஆணைக் குழுவின் பேனலில் பெயர் கொடுங்கள். தொகை சிறியது, ஆனால் முழு ட்ரையலை நீங்களே நடத்திப் பார்க்க வாய்ப்பு. அதே அமைப்பின் முழுநேரப் பாதுகாப்பு வக்கீல் பணி வேறு. அதில் சேர்ந்தால் தனிப் பிராக்டீஸ் செய்ய முடியாது, குழப்பிக்கொள்ள வேண்டாம். நோட்டரி பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். பொதுப் பிரிவினருக்கு 10 வருட அனுபவம் வேண்டும், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் 7.

விளம்பரம் கூடாது என்பது தெரிந்ததுதான். போர்டு அளவோடு இருக்க வேண்டும். எந்த வகை வழக்கில் நிபுணர் என்று போடக் கூடாது, பார் அசோசியேஷன் பதவியைப் போடக் கூடாது. ஆனால் 2008 திருத்தத்துக்குப் பிறகு இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், தகுதியோடு எந்தத் துறையில் பிராக்டீஸ் என்பதையும் சொல்லலாம். போர்டில் சொல்லக் கூடாததை இணையத்தில் சொல்லலாமாம்! ஆன்லைனில் ஆள் பிடித்துத் தருகிற நிறுவனங்களில் பெயர் கொடுப்பது வேறு விஷயம். அப்படிப் பெயர் கொடுக்கும் வக்கீல்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அதைவிட ஆபத்து புரோக்கர்கள். நீங்கள் ஆபீஸ் திறந்த மாதமே ஒருவர் வருவார். ஆஸ்பத்திரி வாசலில் அடிபட்டவர்களின் கையெழுத்து வாங்குகிறவராக இருக்கலாம், ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவராக இருக்கலாம். "மாசம் நாலு கேஸ் கியாரண்டி சார், பாதிக்குப் பாதி." முதல் வருடப் பசியில் இது அமிர்தமாகத்தான் இருக்கும். கட்சிக்காரர் உங்கள் முகத்தையே பார்க்காமல் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தக் கையெழுத்து யாருடையது என்று பிறகு கேள்வி வரும்போது புரோக்கர் இருக்க மாட்டார், வக்காலத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

இடமும் செலவும். கோர்ட்டுக்கு எதிரே ரூம் எடுத்தால்தான் வக்கீல் என்று நினைக்காதீர்கள். கிராமத்திலிருந்து வருகிறவர் பகலில் உங்களைக் கோர்ட்டில்தான் பார்ப்பார், பேச வருவது மாலை ஆறுக்கு மேல். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருந்தால் போதும். சொந்த வீட்டில் தனி வாசல் உள்ள முன்னறை இருந்தால் முதல் இரண்டு வருடம் அதுவே நல்லது. வாடகைக்கு என்றால் உங்கள் ஒன்றரை லட்சத்தை எங்கள் ஊர் விலையில் இப்படிப் பிரிக்கிறேன்: அட்வான்ஸ் 30 ஆயிரம், மேஜை நாற்காலி பீரோ 25 ஆயிரம், ஸ்கேனரோடு சேர்ந்த லேசர் பிரிண்டர் 18 ஆயிரம், பேப்பர், கட்டு அட்டை, போர்டு என்று சில்லறையாக 7 ஆயிரம். மிச்சம் 70 ஆயிரம். ஆறு மாத வாடகை 30 ஆயிரம், ஆறு மாதம் குமாஸ்தாவுக்கு உங்கள் பங்கு 24 ஆயிரம். கையில் 16 ஆயிரம் நிற்கும். இதில் வீட்டுச் செலவு இல்லை. அதற்கு ஆறு மாதத்துக்குத் தனியாக வைத்துக்கொள்ளாமல் இறங்க வேண்டாம். ஈ-ஃபைலிங் வந்த பிறகு ஸ்கேனர் இல்லாத ஆபீஸ் ஆபீஸே இல்லை, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏ.சி., சுழல் நாற்காலி, கண்ணாடிக் கதவெல்லாம் பிறகு.

குமாஸ்தாவுக்குப் பங்கு என்றேன் அல்லவா, உங்கள் ஜோடி வக்கீலும் நீங்களும் ஒருவரையே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல குமாஸ்தா ஒருவர் இரண்டு ஜூனியருக்குச் சமம். எந்தப் பிராது எந்தக் காரணத்துக்கு ரிட்டர்ன் ஆகும் என்று அவருக்குத் தாக்கல் செய்யும் முன்பே தெரியும். நகல் பிரிவில் எந்த நேரத்தில் போனால் வேலை நடக்கும் என்று தெரியும். வயதானவராக இருந்தால் "அண்ணே" என்று கூப்பிட்டு மரியாதை கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்சிக்காரர் பணம் குமாஸ்தா கை வழியாக வரக் கூடாது, பேட்டா பணம் உட்பட.

புத்தகத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். உங்களுக்குத் தேவையான சட்டங்களின் புதிய பதிப்பு, சிவில் நடைமுறைச் சட்டத்துக்கு நல்ல உரை ஒன்று, தமிழ்நாட்டுத் தீர்ப்புத் தொகுப்பு ஒன்றுக்குச் சந்தா. சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் ஈ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசம். செயற்கை நுண்ணறிவு கொடுக்கிற தீர்ப்பு எண்ணை அசலில் பார்க்காமல் மனுவில் எழுதாதீர்கள், இல்லாத தீர்ப்பை எழுதி மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வருமான வரியில் தொழில்முறை ஆட்களுக்கு 50 லட்சம் வரையிலான வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் எளிய வழி இருக்கிறது, ஓர் ஆடிட்டரிடம் ஒரு மாலை உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

கும்பகோணத்திலிருந்து ஹைகோர்ட் அப்பீல் மதுரைக் கிளைக்குப் போகும், பக்கத்து மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்குப் போகும். உங்கள் ஊர் எதில் வருகிறதோ அங்கே ஒரு வக்கீலைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டோடும் தீர்ப்பு, சாட்சியம், குறிப்புகளை ஒழுங்காக டைப் செய்து அனுப்பினால், அங்கிருந்து உங்கள் ஊர்க் கேஸ்கள் உங்களைத் தேடித் திரும்பி வரும். எனக்கு வந்த பெரிய வழக்குகளில் பாதி இப்படி வந்தவைதான்.

கடைசியாக உங்கள் சீனியர். 7 ஆயிரம் குறைவுதான். 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட் ஜூனியர்களுக்குக் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20 ஆயிரம், மற்ற ஊர்களில் 15 ஆயிரம் என்று சொன்னது. நம் ஊர்களில் அது வந்து சேரவில்லை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தக் கோபத்தோடு வெளியே வராதீர்கள். அவருடைய கட்சிக்காரர் யாராவது ரகசியமாக "நீங்க தனியா போனா நானும் வந்துடறேன் தம்பி" என்று சொல்லியிருப்பார். வேண்டாம். ஒரு வக்கீல் ஏற்கெனவே ஆஜராகும் வழக்கில் அவர் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் வக்காலத்துப் போட முடியாது என்பது விதி. அதற்கு மேல், இந்த ஊரில் அடுத்த முப்பது வருடம் அவர் எதிர்த்தரப்பிலோ பக்கத்து நாற்காலியிலோ உட்கார்ந்திருக்கப் போகிறார். என் சீனியரிடம் நான் சொல்லிவிட்டு வந்தபோது மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் தன்னுடைய பழைய மரப் பெஞ்சை ஆள் வைத்து அனுப்பினார். அவரால் பார்க்க முடியாத சின்ன வழக்குகள் அதற்குப் பிறகு என்னிடம்தான் வந்தன.

கிளம்பும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை, அப்போது திறந்தால் காற்றுதான் வரும். ஏப்ரல் இரண்டாம் வாரம் சீனியரிடம் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் உங்கள் பொறுப்பில் இருக்கும் எல்லாக் கட்டுகளுக்கும் பட்டியல் போட்டு, எது எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த தேதி என்ன, எந்த நகல் வர வேண்டும் என்று எழுதி அவர் குமாஸ்தாவிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். மே மாதத்தில் இடம் பார்த்து, பெயிண்ட் அடித்து, பேங்கில் அந்த இரண்டு கணக்கையும் திறந்துவிடுங்கள். ஜூனில் கோர்ட் திறக்கும் முதல் நாள் கையில் ஒரு கேஸும் இல்லாவிட்டாலும் பத்தேகாலுக்குக் கோட்டு, கழுத்துப் பட்டை மாட்டிக்கொண்டு போய் முன்சீப் கோர்ட்டில் உட்கார்ந்துவிடுங்கள். யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்து, "தம்பி, ஒரு பாஸ் ஓவர் கேட்டுடுங்களேன்" என்பார்.